ராஜா வேஷத்துச் சட்டை

இண்டூரில் எங்கள் பள்ளிக் கண்காட்சிக்காக, பழைய நாடக நடிகை கமலம்மாவிடம் அவருடைய ராஜா வேஷத்துச் சட்டையைக் கெஞ்சி வாங்கி வந்தேன். வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பட்டியில் பழுப்பாக ஒரு கறை. அசிங்கமாக இருக்கிறதே என்று, அவரைக் கேட்காமலே பிளீச்சிங் பவுடர் போட்டு வெளுத்துவிட்டேன்.

திருப்பிக் கொடுக்கும்போது, “கறையக்கூட எடுத்துட்டேங்கம்மா” என்று பெருமையாகச் சொன்னேன்.

அவர் கழுத்துப் பட்டியைத் தடவித் தேடினார்.

“அது என் ரத்தங்க டீச்சர். பொம்பள ராஜா வேஷம் கட்டக் கூடாதுன்னு கல்லால அடிச்சாங்க. ஒழுக ஒழுக நாடகத்த முடிச்சிட்டுத்தான் எறங்கினேன்.”

மன்னிப்புக் கேட்டேன்.

“தெரியாமத்தான செஞ்சீங்க? வூட்டுக்குள்ள வாங்க, காப்பி குடிக்கலாம்” என்றார்.

அவர் பின்னால் உள்ளே போனேன். கண்காட்சியில் எல்லோருக்கும் அவர் வரலாற்றை விளக்கிய நான், அவரிடம் ஒன்றுமே கேட்டிருக்கவில்லை.