பிள்ளையை எடுத்த கை

காருட் மலைச்சரிவில், முட்டைக்கோஸ் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற சிதாமியாங் கிராமத்தில், இமாஸ் ரொஹாயத்தி வீடு எது என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். பலகைக்கார பிடான் வீடு என்றால் உடனே கை காட்டுவார்கள். பிடான் என்றால் படித்துத் தேறிய மருத்துவச்சி. அந்த மலையில் பிடான்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மற்றவர்களெல்லாம் அரசு சுகாதார நிலையத்தில் டாக்டரின் கண்ணசைவுக்குக் காத்திருப்பவர்கள். தன் வீட்டு வாசலில், தன் பெயரில் பலகை மாட்டி, தன் பொறுப்பில் பிரசவம் பார்க்க வேண்டுமென்றால் பிடான்கள் சங்கம் சம்மதிக்க வேண்டும். அதற்காக இமாஸ் நாய் படாத பாடு பட்டாள்.

படிக்கிற காலத்தில் அவள் ஒன்றும் கெட்டிக்காரி இல்லை. வாய்ப்பாடம் வரும், கை வராது. ரப்பர் பொம்மையை வைத்துப் பயிற்சி கொடுத்த முதல் நாளே பிள்ளையைத் தரையில் போட்டவள். பக்கத்துக் கட்டில்காரி யாயாவும் அதே லட்சணம்தான். விடுமுறைக்கு எல்லாரும் ஊருக்குப் போனபோது இரண்டு பேரும் விடுதியிலேயே தங்கினார்கள். தலையணை உறையைத் தைத்துக் கருப்பையாக்கி, ஒருத்தி தாய், ஒருத்தி பிடான் என்று மாறி மாறிப் பெற்றார்கள். ஒரே லீவில் நூறு பிள்ளை பெற்றவள் உலகத்திலேயே தான் ஒருத்திதான் என்று யாயா எல்லாரிடமும் பெருமையடிப்பாள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் பார்க்க இமாஸ் கற்றது அந்தத் தலையணை உறைக்குள்தான்.

பிறகு இமாஸ் பலகை மாட்டினாள். யாயா மாதச் சம்பளமே போதுமென்று சுகாதார நிலையத்தில் இருந்துவிட்டாள். பிரசவத்துக்கு இரண்டு பிடான் இருக்க வேண்டும் என்பது விதி. இமாஸுக்கு இரண்டாவது ஆள் எப்போதும் யாயாதான். வேறு யாரையும் கூப்பிட அவளுக்குத் தோன்றியதே இல்லை. கூடவே இருந்து குழி பறிக்கிறவள் என்று நெற்றியிலா எழுதியிருக்கும்?

அந்த மத்தியானம் வலியோடு வந்தவள் உருளைக்கிழங்கு வியாபாரி டாடாங்கின் மனைவி நெனெங். தலைச்சன் பிள்ளை, பெரிய பிள்ளை. எல்லாம் ஒழுங்காகப் போய்த் தலை வெளியே வந்தது. வந்த தலை ஆமைத்தலை போல மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டது. பிள்ளையின் தோள் தாயின் இடுப்பெலும்பில் மாட்டிவிட்டது. இமாஸ் நெனெங்கின் முழங்கால்களை மடக்கி மேலே தள்ளினாள். யாயா அடிவயிற்றை அழுத்தினாள். அசையவில்லை. பிள்ளையின் முகம் கருநீலமாகிக்கொண்டிருந்தது. கூட வந்திருந்த மாமியார் அலறிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள்.

"தேத்தே, வண்டி கூப்பிடுறேன், டவுனுக்குக் கொண்டு போயிடலாம்" என்று சொல்லிவிட்டு யாயாவும் கதவுக்குப் போனாள். தேத்தே என்றால் அக்கா. முதல் நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டாள். தலை வெளியிலும் உடம்பு உள்ளேயும் இருக்கிற பிள்ளையை வண்டியில் ஏற்றுவதும் பாடையில் ஏற்றுவதும் ஒன்று. அது யாயாவுக்கும் தெரியும். பயந்தவளுக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துபோகும்.

இமாஸ் தனியாளாக நெனெங்கைப் புரட்டி, கையும் முழங்காலும் ஊன்றிக் குனிய வைத்தாள். தாயின் முதுகுப் பக்கமாகக் கையை விட்டாள். விரலுக்குப் பிள்ளையின் முழங்கை தட்டுப்பட்டது. அதை நெஞ்சோடு மடக்கி மெல்ல வெளியே எடுத்தாள். சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அடுத்த மூச்சில் பிள்ளை மொத்தமாக அவள் மடிக்கு வந்து அழுதது.

கழுத்துப்பட்டை எலும்பு முறிந்திருந்தது. ஒரு கை தொங்கியது. தானே கூடிவிடுகிற எலும்பு, ஆனாலும் டாக்டர் பார்க்க வேண்டும். நெனெங்குக்கு ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்ததால் இமாஸால் நகர முடியவில்லை. பிள்ளையை யாயா தூக்கிக்கொண்டு டாடாங்கோடு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே என்ன சொன்னாள் என்பது இமாஸுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவும் ஓர் ஆட்டுத் தொடையால்.

ஏழாம் நாள் ஆடறுத்து, பிள்ளைக்கு முடி இறக்கிப் பெயர் வைப்பார்கள். அந்த ஆட்டின் ஒரு பின்னந்தொடை, சமைக்காமல் பச்சையாக, பிள்ளையை எடுத்த கைக்குப் போக வேண்டும். அந்த மலையில் எந்தப் பிடானுக்கும் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. இமாஸ் காலையிலேயே மசாலா அரைத்து, தேங்காய்ப்பால் பிழிந்து வைத்துவிட்டாள். சோறு மட்டும் வடித்துக்கொண்டு வாருங்கள், கறி என் வீட்டில் என்று பக்கத்து வீட்டுக்காரிகள் இருவரையும் வேறு அழைத்திருந்தாள். அந்த அவசரம்தான் அவளை ஊர் சிரிக்க வைத்தது. வாழையிலையில் கட்டிய தொடையை மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு டாடாங் அவள் வாசலைத் தாண்டினான். அவளைப் பார்த்தான், தலைகூட அசைக்கவில்லை, யாயா வீட்டுச் சந்துக்குள் திரும்பிவிட்டான்.

"உன் வீட்டுக்கு வழி மறந்துருச்சு போல அந்த ஆட்டுக்கு" என்றாள் சோற்றுப் பானையோடு வந்தவள். அன்று இமாஸின் வீட்டுக்காரன் பலாக்காயைப் போட்டு அந்தக் குழம்பை முடித்துவைத்தான்.

இமாஸ் நேராக நெனெங்கிடம் போனாள். அந்தப் பெண் பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி, அவள் முகத்தைப் பார்க்காமலே, இபு, அதாவது அம்மா, என்கிற மரியாதை மட்டும் குறையாமல் சொன்னாள்.

"நான் என்னத்த கண்டேன், இபு பிடான்? என் மூஞ்சி தலையணைக்குள்ள இல்ல இருந்துச்சு. இழுத்துக் கைய ஒடிச்சது நீங்களாம். உங்களைத் தள்ளிவிட்டுட்டு, என்னைத் திருப்பிப் போட்டு எடுத்தது இபு யாயாவாம். டாக்டர் முன்னாடியே அவங்க அப்படிச் சொன்னாங்கன்னு இவர் சொல்றாரு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டாள் யாயா. மறைக்கத் தோதாக அந்த அறையில் வேறு சாட்சியும் இல்லை. டாக்டர் அதட்டிய அதட்டலில் பழிக்குப் பயந்துதான் முதலில் உளறியிருப்பாள். தொடை வீடு தேடி வந்த பிறகு அந்த உளறலே அவளுக்கு ருசித்துவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து புகார் சங்கத்துக்குப் போனது. தலைவி இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துக் கேட்டாள். டவுனுக்கு அனுப்பிவிடலாம் என்று தான் சொன்னதாகவும், தேத்தே கேட்கவில்லை என்றும் யாயா சொன்னாள். அந்த ஒன்று உண்மைதான். மிச்சப் பொய்யெல்லாம் அந்த உண்மையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டன. இமாஸ் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"உள்ள போன கை யாரோடதுன்னு என்னைப் பாத்துச் சொல்லு, யாயா."

யாயா தரையைப் பார்த்தபடி "என்னோடது" என்றாள்.

பலகையைக் கழற்று, கைப்பயிற்சியை முதலிலிருந்து செய், பயிற்சி கொடுப்பவள் திருப்தி என்று சொன்னால் பார்க்கலாம் என்று தீர்ப்பாயிற்று. இமாஸ் தன் கையாலேயே ஆணியைப் பிடுங்கினாள். அதன் பிறகு முட்டைக்கோஸ் தோட்டத்தில் புருஷனோடு களை எடுத்தாள். நிறைமாத வயிற்றோடு பெண்கள் கொல்லை வழியாக வந்து கூப்பிடுவார்கள். ஒரு பிரசவத்தைத் தொட்டாலும் பலகை ஒரேயடியாகப் போய்விடும் என்று அவர்களைத் திருப்பி அனுப்புவாள். திரும்பிப் போன ஒருத்திக்குக் கிழங்கு லாரியிலேயே பிரசவமாகிவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்ததைக் கேட்டபிறகுதான் இமாஸ் உட்கார்ந்து அழுதாள். டாடாங்கின் பிள்ளையோ எலும்பு கூடி இரண்டு கையையும் ஆட்டி விளையாடிக்கொண்டிருந்தது.

பயிற்சிக்கு அழைப்பு வந்து, டவுனில் கூடத்துக்குள் நுழைந்தால், முன்னால் மைக்கோடு நிற்பது யாயா. தோள் மாட்டிய பிள்ளையைக் காப்பாற்றிய பேரால் அவளைப் பயிற்சியாளராக்கியிருந்தார்கள். இளம் பிடான்கள் வட்டமாக உட்கார்ந்திருக்க, அன்றைக்கு நடந்ததை அவள் சொன்னாள். முகம் நீலமானது, மாமியார் அலறியது, சுள்ளிச் சத்தம், எதையும் விடவில்லை. இமாஸின் கையை மட்டும் எடுத்துவிட்டுத் தன் கையை அங்கே வைத்திருந்தாள்.

செய்து காட்டத் தாயாக ஒருத்தி வேண்டும். கூடத்தில் வயதில் மூத்தவள் இமாஸ். எல்லாரும் அவளையே தள்ளிவிட்டார்கள். இடுப்பில் கட்டுகிற துணி வயிறு, உள்ளே பொம்மை. தாயாக இருப்பவள் ஒரு கையை அந்த வயிற்றுக்குள் விட்டு, பொம்மையைப் பிடித்தும் விட்டும் கொடுக்க வேண்டும். இமாஸ் பாயில் மண்டியிட்டுக் குனிந்து, ஒரு முழங்கையைத் தலையணையில் ஊன்றி, மற்றக் கையால் பொம்மையை இறுக்கிப் பிடித்தாள்.

யாயாவின் கை உள்ளே வந்தது. வந்த கை கீழ்ப்பக்கம் தேடியது. மல்லாந்திருந்தவளைக் குப்புறப் புரட்டினால் கீழே இருந்தது மேலே வந்துவிடும். செய்தவளுக்கு அது மறக்காது, செய்யாதவளுக்கு அது தெரியாது. பொம்மையின் கை கிடைக்காமல் யாயா அதன் கழுத்தைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தாள். இமாஸ் விடவில்லை. இழுடி, நன்றாக இழு, இவர்கள் எல்லாரும் பார்க்கட்டும் என்றிருந்தது அவளுக்கு. யாயாவின் மூச்சு முதுகில் சுட்டது. இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தால் போதும், வேஷம் கலைந்துவிடும்.

ஆனால் ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பெண், அந்தக் கழுத்துப் பிடியைத் தன் கையால் காற்றில் பிடித்துப் பழகிக்கொண்டிருந்தாள். நாளைக்கு அவள் கையில் இருக்கப்போவது பொம்மை இல்லை.

"கழுத்த விடு" என்றாள் இமாஸ், எல்லாருக்கும் கேட்கும்படி. "தாய் கவுந்தாச்சு. முதுகுப் பக்கம் இப்ப மேல. மேல தேடு, முழங்கை இருக்கும். நெஞ்சோட மடக்கி எடு."

யாயா அப்படியே செய்தாள். இமாஸ் பிடியை விட்டாள். பொம்மை வெளியே வந்தது. கூடம் யாயாவுக்குக் கை தட்டியது. தப்பாகப் போனால் தாய் எப்படித் தடுப்பாள் என்று இருவரும் பேசிவைத்து நடித்ததாக அந்தப் பெண்கள் நினைத்துக்கொண்டார்கள். யாயா அதை மறுக்கவில்லை.

தேநீர் நேரத்தில் யாயா தனியாக வந்தாள். பழைய பாசத்தோடு முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தேத்தே, தலைவிகிட்ட திருப்தின்னு சொல்லிட்டேன். நாளைக்கே பலகைய மாட்டிக்கலாம்."

"அன்னிக்கு நடந்ததையும் தலைவிகிட்ட சொல்லேன்."

"அத மட்டும் கேக்காதீங்க. இந்த வேலைய வெச்சுத்தான் இப்ப எனக்கு ஊர்ல மரியாதை." கண் கலங்கித்தான் சொன்னாள். "பலகை வேணும்ல உங்களுக்கு?"

இமாஸ் அந்த முகத்தில் காறித் துப்பியிருக்கலாம். துப்பியிருந்தால் இதைச் சொல்லுகிற எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் கொல்லை வழியாக வந்தவர்களில் இன்னும் மூன்று பேருக்கு இந்த மாதம் பிரசவ நாள் இருந்தது. பலகை அவள் உழைப்பு, அவள் கை சம்பாதித்தது. அதைத் திருடியவளே பிச்சை போடுகிற மாதிரி நீட்டிக்கொண்டு நின்றாள்.

"நன்றி, யாயா" என்றாள் இமாஸ்.