கல்லு முகத்தில் அக்னஸ் மிஸ்

திருச்சி மன்னார்புரத்திலிருந்த அந்தப் பெண்கள் விடுதியில் ஒன்பது மணிக்கு டிவி அணைந்துவிடும். அணைப்பவர் வார்டன் அக்னஸ் மிஸ். இடுப்பில் சாவிக்கொத்து, கையில் பித்தளை மணி. மணியை ஆட்டினால் பெண்கள் எழுந்து, மடக்கு நாற்காலியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு அறைக்குப் போய்விட வேண்டும். 'கல்லு முகம்' நிகழ்ச்சி ஆரம்பிப்பதே ஒன்பதுக்குத்தான் என்பது அவர்கள் தலைவிதி. அதில் ஒரு சினிமாக்காரர் விருந்தினராக வந்து, மேடையில் உட்கார்ந்திருப்பவரைச் சிரிக்க வைக்கப் பார்ப்பார். சிரிக்காமல் தாக்குப்பிடித்தால் ஜெயம்.

அக்னஸ் சிரித்து இப்போதிருக்கும் பெண்கள் யாரும் பார்த்ததில்லை. சிரிப்பு வராமல் இல்லை, வந்தால் நிற்காது. ஸ்டார்ட் ஆகாத ஆட்டோவை மறுபடி மறுபடி இழுக்கிற மாதிரி ஒரு சத்தம், நடுவில் விக்கல் வேறு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு தரம் சிரித்துத் தொலைத்தார். அந்த வருஷம் முழுக்க ஒருத்தியும் மதிக்கவில்லை. கண்டிக்கப் போனால் வாயாலேயே ஆட்டோ ஓட்டிக் காட்டினார்கள். அதிலிருந்து சிரிப்பு வந்தால் அறைக்கு ஓடித் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வார்.

நிகழ்ச்சி திருச்சிக்கு வருகிறது என்றதும் லின்சியும் அல்ஃபியாவும் அவருக்குத் தெரியாமல் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். டிவிக்காரர்கள் கூப்பிட்டும் விட்டார்கள்.

"பந்தயம் வச்சுக்கலாம் மிஸ்," என்றாள் லின்சி. "நீங்க சிரிச்சுட்டா பத்து மணி வரைக்கும் டிவி. சிரிக்கலைன்னா டிவி பத்தி நாங்க இனிமே வாயே தொறக்க மாட்டோம்."

"தோக்கப்போறது நீங்கதான்டி."

வாய்தான் அப்படிச் சொன்னது. ஊரே பார்க்கிற டிவியில் அந்த ஆட்டோ கிளம்பிவிட்டால் அப்புறம் மணியாவது, சாவியாவது?

படப்பிடிப்பு ஸ்ரீரங்கத்தில், ஒரு கல்யாண மண்டபத்தில். மேடையில் அக்னஸ். முன்வரிசை மடக்கு நாற்காலிகள் முழுக்க விடுதிப் பெண்கள். காமெடி நடிகர் வளவன் திரையை விலக்கிக்கொண்டு, பெண்கள் சொல்லிக்கொடுத்தபடி அக்னஸாகவே வந்தார். அதே சாம்பல் நிறப் புடவை, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி, சாவிக்கொத்து, மணி.

"யாருடி பாத்ரூம்ல பாடுனது? பாடுறதுதான் பாடுறே, சுதி சேத்துப் பாடக் கூடாதா?"

கூட்டம் சிரிப்பில் உருண்டது. அக்னஸ் உள்கன்னத்தைக் கடித்துக்கொண்டார். மனசுக்குள் ஜெபமாலை ஓடியது.

வளவன் மண்டி போட்டார். "மேடம், என் மார்க்கெட்டே போயிடும். ஒரு பல்லையாவது காட்டுங்க."

"பல்லு டாக்டர்கிட்ட காட்டிக்கிறேன். நீங்க முந்தானையைச் செருகுங்க தம்பி, தடுக்கி விழப்போறீங்க."

நேரம் முடியப் போகிறது. வேறு வழி தெரியாமல் வளவன் பித்தளை மணியை ஓங்கி ஆட்டினார்.

விடுதிப் பெண்கள் அத்தனை பேரும் படக்கென்று எழுந்தார்கள். நாற்காலிகளை மடித்தார்கள். லின்சி தன்னுடையதைச் சுவரில் சாய்த்தேவிட்டாள். அல்ஃபியா வாசல் வரைக்கும் போய்விட்டாள்.

"எங்கம்மா போறீங்க? அவ்வளவு மோசமாவா நடிச்சேன்?" என்று பதறினார் வளவன்.

மடித்த நாற்காலியோடு பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்து முழித்தார்கள். அக்னஸ் அவர்களைப் பார்த்தார். அவ்வளவுதான், ஆட்டோ கிளம்பிவிட்டது. விக்கலோடு.

வளவன் புடவையோடு மேடையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "இந்தச் சிரிப்பை வச்சுக்கிட்டா மேடம் இவ்வளவு நேரம் சும்மா இருந்தீங்க!"

திரும்பும் பஸ்ஸில் அக்னஸ் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். எவள் முதலில் ஓட்டிக் காட்டப்போகிறாளோ என்றிருந்தது. காவிரிப் பாலம் தாண்டியும் ஒரு ஆட்டோவும் கிளம்பவில்லை.

ஒளிபரப்பான அன்று ஒன்பதானதும் கை தானாக மணியை ஆட்டிவிட்டது. பெண்களும் எழுந்துவிட்டார்கள்.

"உக்காருங்கடி. தோத்தது நான்ல?"

தனக்கும் ஒரு நாற்காலியை விரித்துப் போட்டுக்கொண்டார். டிவிக்குள் ஆட்டோ கிளம்பியபோது, அடக்கிப் பார்த்து முடியாமல், நாற்காலியிலும் ஒன்று கிளம்பியது.

பத்து மணிக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டே மணி அடித்தார். நாற்காலிகள் மடங்கின. மாடிப்படியில் யாரோ ஒருத்தி வாயால் ஆட்டோவை இழுத்தாள்.

"யாருடி அது?"

"கடைசி சவாரி மிஸ்! குட் நைட்!"

அறைக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. அக்னஸ் டிவியை அணைத்தார்.