மந்திரி போட்ட மூன்று வருஷம்

1994 மார்ச் 8, செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபது. கிழக்கு லண்டனில், பிளேஸ்டோவில் தூறல். குடை விரித்தால் வெட்கம், விரிக்காவிட்டால் நனைவு, அப்படியொரு தூறல். வெம்பிளியிலிருந்து இரண்டு இடத்தில் ரயில் மாறித் தங்கையின் வீட்டுக்கு வந்திருந்தேன். மேசையில் ஒரு கடிதம் கிடந்தது. மூன்று பக்கம். சிறையிலிருக்கும் அவளுடைய மகனுக்கு அரசாங்கம் அனுப்பியதன் நகல்; அவன் தாய்க்கு அனுப்பியிருந்தான். அவளுக்கு ஆங்கிலம் வாசிக்க வரும், அரசாங்கத்தின் ஆங்கிலம் வராது.

"அண்ணை, எத்தினை வருஷம் எண்டு போட்டுக் கிடக்கு?"

"ரெண்டு கணக்குக் கிடக்கு. ஜட்ஜ் பன்ரெண்டு காணும் எண்டிருக்கிறார். மந்திரி பதினைஞ்சு எண்டு போட்டிருக்கிறார்."

"மந்திரி கோர்ட்டுக்கு வந்தவரோ?"

"இல்லை."

"பெடியனைப் பாத்தவரோ?"

"இல்லை."

"அப்ப ஏன் அவர் மூண்டைக் கூட்டினவர்?"

மூன்று பக்கத்தையும் திரும்ப வாசித்தேன். அந்தக் கேள்விக்கு அதில் விடை இல்லை.

கதை 1986 ஒக்ரோபரில் தொடங்கியது. என் மருமகனுக்கு அப்போது இருபத்துநாலு வயது. இன்னொரு பெடியனோடு சேர்ந்து ஒரு வாடகை வீட்டின் மேல்மாடியில் இருந்தான். ஊருக்கு எடுத்த ரெலிபோன் பில்லில் யார் பங்கு எவ்வளவு என்று வாய்த்தர்க்கம். என் மருமகன் கீழே இறங்கினான், குசினிக்குப் போனான், கத்தியை எடுத்தான், திரும்பவும் மேலே ஏறினான். அம்புலன்ஸ் வருமுன் மற்றவன் செத்துப்போனான். அவனுக்கு இருபத்தாறு வயது. மன்னாரில் அவனுக்கு ஒரு தாய் இருந்தாள்.

இந்த நாட்டில் கொலைக்கு ஒரே தண்டனைதான். ஆயுள். நீதிபதி அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுக் கடதாசிகளை அடுக்கினார். பக்கத்து அப்டன் பார்க்கின் தமிழ்க் கடைகளில் அன்று பின்னேரமே அந்தச் சொல்லுக்கு உரை எழுதத் தொடங்கிவிட்டார்கள். அரிசி நிறுக்கிறவர் ஏழு வருஷம் என்றார். மீன் வெட்டுகிறவர், நல்லாய் நடந்தால் நாலரை என்றார். வீடியோக் கடைக்காரர் ஒருவர், மகாராணிக்குப் பேரப்பிள்ளை பிறந்தால் ஒரு வருஷம் கழிப்பார்கள் என்று சத்தியம் செய்தார். எண்ணி வைத்திருக்கிறேன்: ஒன்பது பேர், ஒன்பது விடை. ஒருவர்கூடத் தனக்குத் தெரியாது என்று சொல்லவில்லை.

உண்மை இவ்வளவுதான். குறைந்தது எத்தனை வருஷம் உள்ளே இருக்கவேண்டும் என்று நீதிபதி உள்நாட்டு மந்திரிக்கு இரகசியமாக எழுதுவார். மந்திரி அதை ஏற்கலாம், கூட்டலாம், குறைக்கலாம். அந்த வருஷங்கள் முடிந்த பிறகுதான் வெளியே விடுவதைப் பற்றிப் பேச்சே தொடங்கும். முடிந்தவுடன் கதவு திறக்கும் என்றும் இல்லை. இதெல்லாம் சிறையில் இருக்கிறவனுக்குச் சொல்லப்படுவதில்லை. முப்பத்தோரு வருஷம் கொழும்பில் கணக்காய்வுத் திணைக்களத்தில் இருந்தவன் நான். தொகையை எழுதிப் பூட்டி வைத்துவிட்டு, கட்டவேண்டியவனுக்கு மட்டும் காட்டாத பில்லை அங்கே கண்டதில்லை. அதற்கு இந்த நாகரிகமான நாட்டுக்குத்தான் வரவேண்டியிருந்தது. பிறகு யாரோ ஒரு கைதி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் வாதாடி வென்றதால், சொல்லியே ஆகவேண்டும், பதில் எழுதவும் இடம் கொடுக்கவேண்டும் என்று வந்தது. அப்படி வந்ததுதான் மேசையில் கிடந்த கடிதம்.

தங்கைக்கு அப்போது அறுபத்தொன்பது வயது. விரலை மடித்துப் பார்த்தாள்.

"பன்ரெண்டு எண்டால் தொண்ணூற்றெட்டு. எனக்கு எழுபத்துமூண்டு. அது மட்டும் இருப்பன். பதினைஞ்சு எண்டால் எழுபத்தாறு. அது ஏலுமோ தெரியாது. அண்ணை, அந்த மூண்டையும் வெட்டித் தாங்கோ. வேறை ஒண்டும் கேக்கேல்லை."

எங்கள் வக்கீல் ஓர் ஆங்கிலப் பெண்பிள்ளை. முப்பது வயது இருக்கும். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பேசினாள். மந்திரி மூன்று வருஷத்தைக் கூட்டியதற்குக் காரணம் அந்தக் கத்திதான் என்றாள். மாடியிறங்கிக் கத்தி எடுத்துத் திரும்பி ஏறியவன் யோசித்துத்தான் செய்தான் என்பது மந்திரியின் கட்சி. கோபம் தலைக்கேறி, என்ன செய்கிறோம் என்று தெரியாமல் செய்தான் என்பது எங்கள் கட்சி. அவனைத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர் எழுதித் தந்தால் நல்லது. அவன் படபடப்பானவன், இன்று வருந்துகிறான், இவ்வளவும் போதும். வேறு ஒன்றும் வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னாள்.

நான் அதைக் கோயில் தலைவரிடம் கொண்டுபோனேன். மருமகன் அந்தக் கோயிலில் தொண்டு செய்தவன். தலைவருக்கு அப்டன் பார்க்கில் பலசரக்குக் கடை. நாலு பேர் சேர்ந்தால் அங்கே ஒரு கூட்டம், கூட்டம் என்றால் அதற்கு அவர் தலைவர். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து பின்னறையில் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நாலு கடிதமோ?" என்றார் தலைவர். "அண்ணை, எங்கடை சனத்தின்ரை பலம் என்ன எண்டு அவைக்குத் தெரியவேணும். முப்பது எழுதுவிப்பம்."

"தம்பி, எத்தினை எண்டது இல்லை விஷயம். பெடியன் அவசரக்காரன், யோசிக்காமல் செய்திட்டான் எண்டு எழுதவேணும்."

"அவசரக்காரன் எண்டோ! நாளைக்கு அவன் வெளியிலை வந்தால் பொம்பிளை பாக்க வேண்டாமோ? இப்பிடி எழுதினதை வைச்சுக்கொண்டு ஆர் பிள்ளை குடுப்பினம்?"

"முதல் வெளியிலை வரட்டும்."

"நீங்கள் கணக்கு ஆள் அண்ணை. இந்த எழுத்து வேலையை எங்களிட்டை விடுங்கோ. வெள்ளைக்காரப் பிள்ளைக்கு எங்கடை ஆக்களைப் பற்றி என்ன தெரியும்?"

மூன்று கிழமையில் கடிதங்கள் வந்தன. முப்பத்தொன்று. மேசையில் பரப்பி ஒவ்வொன்றாக வாசித்தேன். ஊரில் வங்கி வேலைக்கு விண்ணப்பிக்கிறவனுக்குப் பள்ளிக்கூட அதிபர் கொடுக்கிற நற்சான்றிதழ் இருக்கிறதே, முப்பத்தொன்றும் அதுதான். பொறுமைசாலி என்று இருபத்திரண்டு பேர். எதையும் நன்றாக ஆலோசித்தே செய்வான் என்று பத்தொன்பது பேர். வாழ்நாளில் கோபப்பட்டதே இல்லை என்று பதினாலு பேர். இளைப்பாறிய ஸ்டேசன் மாஸ்டர் ஒருவர், சீட்டு விளையாட்டில் அவன் அடுத்த மூன்று ஆட்டத்தை முன்கூட்டியே திட்டம் போட்டு வைத்திருப்பான் என்று வியந்திருந்தார். அன்னதானத்துக்குப் பொறுப்பானவர் எழுதியது எல்லாவற்றுக்கும் சிகரம்: இருநூறு பேருக்கு மரக்கறி வெட்டுவான், கத்தியைக் கையாள்வதில் அவனுக்கு நிகர் இல்லை.

செத்தவனைப் பற்றி ஒரு வரி எழுதியவர்கள்: பூச்சியம்.

இவ்வளவு நல்ல சான்றிதழ்களோடு என் மருமகனுக்கு எந்த வங்கியிலும் வேலை கிடைத்திருக்கும். சிறையிலிருந்து மட்டும் வெளியே வர முடியாது. வக்கீல் பிள்ளை ஏழாவது கடிதத்தோடு வாசிப்பதை நிறுத்தினாள். முதலில் என்னிடம் காட்டினீர்களே, நல்லகாலம் என்று சொல்லி, கட்டோடு மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினாள். தானே நாலு பக்கத்தில் ஒழுங்காக எழுதி அனுப்பினாள். நானும் நிம்மதியாய் இருந்தேன். பதினொரு நாள்.

பன்னிரண்டாம் நாள் கோப்பித்தூள் வாங்கக் கடைக்குப் போனபோது தலைவர் சிரித்துக்கொண்டு ஒரு பற்றுச்சீட்டை நீட்டினார். பதிவுத் தபால்.

"என்ன இது?"

"கொப்பியள், அண்ணை. முப்பத்தொண்டையும் கொப்பி எடுத்து நேரை மந்திரிக்கு அனுப்பிப்போட்டன். மகாராணிக்கு ஒரு கொப்பி. ரெண்டு எம்.பி.மாருக்கும் ஒவ்வொண்டு. வக்கீல்மாரிட்டைக் குடுத்தால் மேசைக்குள்ளை தானே கிடக்கும்."

"மேசைக்குள்ளை கிடக்கவேணும் எண்டுதான் தம்பி குடுத்தது!"

"உங்களுக்கு எப்பவும் பயம் அண்ணை. பெட்டிசம் எண்டால் மேலிடத்துக்குப் போகவேணும்."

இதுதான் எங்கள் ஆட்களின் பரம்பரை வியாதி, இந்த மனு எழுதுவது. பெட்டிசம். ஊரில் பாலம் உடைந்தாலும் பெட்டிசம், வாத்தியார் மாறினாலும் பெட்டிசம், பக்கத்து வீட்டான் மதில் கட்டினாலும் கீழே 'பிரதிகள்' என்று போட்டு ஏழு பேருக்குப் பெட்டிசம். கடல் தாண்டி வந்தும் அது விடவில்லை. வேலியைப் பற்றி எழுதிய கையால் ஒரு மனிதனின் மூன்று வருஷத்தையும் எழுதினார்கள்.

நவம்பரில் பதில் வந்தது. வக்கீலின் வாதங்களை மந்திரி கவனித்தாராம். சமூகத்தவர்கள் எழுதிய முப்பத்தொரு கடிதங்களையும் கவனித்தாராம். கைதி நிதானமும் திட்டமிடும் இயல்பும் உள்ளவர் என்பதில் அவர்கள் எல்லோரும் ஒன்றுபடுகிறார்களாம். ஆகவே அது கண நேரக் கோபம் என்று கொள்ள முடியவில்லையாம். பதினைந்து பதினைந்தாகவே இருக்கும். மந்திரியை நான் மெச்சவில்லை. வழக்கைக் கேட்ட நீதிபதி பன்னிரண்டு என்றதை, வழக்குக்கு வராத ஒருவர் பதினைந்தாக்குவது நீதி அல்ல, ஏலம். ஆனால் அந்த ஏலத்தில் அவர் பக்கம் நின்று கை தூக்கியவர்கள் எங்களுடைய முப்பத்தொரு பேர்.

சிறைக்குப் போனபோது மருமகன் கடிதங்களின் நகலை வாசித்திருந்தான். சிரித்தான். எட்டு வருஷத்தில் அவன் சிரித்து நான் கண்டது அன்றுதான்.

"மாமா, இதை வாசிச்சால் நானே என்னை வெளியிலை விடமாட்டன்."

அரண்மனையிலிருந்தும் ஒரு பதில் வந்தது, தலைவரின் பெயருக்கு. கடிதம் கிடைத்தது, உரிய மந்திரிக்கு அனுப்பப்பட்டுள்ளது. இரண்டே வரி. அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறார். பருப்பு வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். எங்கள் பெடியனின் விஷயத்தில் மகாராணியே தலையிட்டார் என்று அந்தத் தெருவில் இன்றும் ஒரு கதை உண்டு.

தங்கை அழவில்லை. "அப்ப எழுபத்தாறு," என்றாள். அவள் குசினியில் கோட்டு உடுத்துக்கொண்டு, கேக் சுடுகிற அவணைப் பற்றவைத்து, கதவைத் திறந்துவைத்து அதன் முன்னால் இருந்தாள். முன்னறையில் மட்டும் குளிர்காய ஒரு பழைய காஸ் அடுப்பு. அதையும் விருந்தாளிகள் வந்தால்தான் பற்றவைப்பாள். மேல்மாடியில் சுவர் ஈரம். இருமல் ஒரு கிழமைக்கு மேல். முப்பத்தொரு பேரில் ஒருவரும் அந்த வீட்டுக்குள் வந்து இந்தக் குளிரைப் பார்க்கவில்லை. மந்திரியிடம் மூன்று வருஷத்தை வெட்ட முடியாவிட்டால், தங்கையிடம் மூன்று வருஷத்தைக் கூட்டவேண்டும். எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். மூன்று பேரிடம் விலை கேட்டு, நடு விலைக்காரனைப் பிடித்தேன். வீடு முழுக்கச் சூடேற்ற ஒரு பொயிலர், ஏழு ரேடியேட்டர்.

"உங்கடை காசை எரிக்கிறியள் அண்ணை," என்றாள். நான் வாசலைத் தாண்டினதும் நிற்பாட்டிவிடுவாள். பஸ் தரிப்பிலிருந்து திரும்பி வந்து போடுவேன்.

"நான் செத்தாலும் இது சூடாய்க் கிடக்குமே?"

"சாகாமல் இருக்கத்தான் போட்டது. கை வையாதை."

போன ஒக்ரோபரில் நீதிபதி சொன்ன பன்னிரண்டு முடிந்தது. அன்றும் அவள் வழக்கம்போலச் சிறைக்குப் போய்வந்தாள். எழுபத்துமூன்று வயது, இருமல் இல்லை. இன்னும் மூன்று குளிர்காலம். இதுவரை: பொயிலரும் ரேடியேட்டர்களும், வரியோடு, 2,150 பவுண். வருஷத்துக்கு 48 பவுணாக மூன்று தரம் சேர்விஸ், 144. போன மாசி மாற்றிய பம்பு, 61 பவுண் 40 பென்ஸ். மொத்தம் 2,355 பவுண் 40 பென்ஸ்.