உள்ளபடி எழுதச் சொன்னவர்

எனக்கு வெப்சைட் செய்து கொடுக்கும் வேலை. ஆழ்வார்பேட்டையில் ஒரு கம்பெனியின் ஹெச்.ஆர். மேடம், வேலைக்கு ஆள் எடுப்பதற்கென்றே தனி சைட் வேண்டுமென்று என்னை முதலாளியிடம் அழைத்துப் போனார். ஒல்லியான உருவம், காதோரம் நரை. எதைச் சொல்வதற்கு முன்பும் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொள்வார்.

அன்றும் துடைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார். "சார், என்ன வேலைன்னு சரியாத் தெரியாமலே வந்து சேர்றாங்க. கொஞ்ச நாள்ல போயிடறாங்க. மறுபடி விளம்பரம், மறுபடி இன்டர்வியூ. தனி சைட்டுல உள்ளதை உள்ளபடி எழுதிட்டா, ஒத்துவர்றவங்க மட்டும் வருவாங்க."

"ஆள் வந்துட்டுத்தானே இருக்காங்க? அடுத்த வருஷம் பார்க்கலாம்மா," என்றார் முதலாளி, போனைப் பார்த்தபடி.

என்னை வழியனுப்ப லிஃப்டில் கூடவே வந்தார் மேடம். "போன வருஷமும் இதேதான் சொன்னார்."

"அப்புறம் ஏன் மேடம் திரும்பக் கேட்டீங்க?"

"இந்த மாசத்தோட நான் நிக்கறேன். இன்னும் அவர்கிட்ட சொல்லலை. என் சீட்டுக்கு வர்றவங்களாவது தெரிஞ்சு வரட்டுமேன்னு பார்த்தேன்."

என்னை வீணாக அலைய வைத்ததற்கு வருத்தம் சொல்லிவிட்டு, அடுத்த இன்டர்வியூவுக்கு மேலே போய்விட்டார்.

அவர் அங்கே சேர்ந்தபோது எது தெரியாமல் சேர்ந்தாரோ! பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அதைக் கேட்கத் தோன்றியது.