மீன் தொங்கிய மணிக்கூடு

சண்டையால் யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி வரத் தடை வந்த பிறகு எங்கள் ஒழுங்கையில் கைக்கடிகாரங்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. வெளிநாடு போன பிள்ளைகள் அனுப்பிய ஜப்பான் மணிக்கூடுகளும் வெறும் காப்புகளாகக் கைகளில் கிடந்தன. ஓடியது, முறுக்கிவிட்டால் ஓடும் அப்பாவின் பழைய சட்டைப்பை மணிக்கூடு ஒன்றுதான்.

பென்சன் எடுத்த பிறகு அப்பாவிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. இப்போது ஒழுங்கைச் சனமெல்லாம் வாசல் படலையடியில் நின்று நேரம் கேட்டார்கள். அவரும் நேரத்தை மட்டும் சொல்லி அனுப்பிவிடுகிற ஆள் இல்லை.

"உது லேசிலை கிடைச்ச சாமான் எண்டு நினையாதை. மலாயா றெயில்வேயிலை எங்கடை அப்பு ஸ்ரேசன் மாஸ்ரரா இருக்கேக்கை, வெள்ளைக்காரத் துரை தன்ரை கையாலை குடுத்தது."

அப்பு என்பது அவருடைய தகப்பன், எனக்குப் பாட்டா. சாட்சி வேண்டுமென்றால் கூடத்தில் படம் இருந்தது. கறுப்புக் கோட்டுப் போட்ட பாட்டா, நெஞ்சுக்குக் குறுக்கே சங்கிலி, அதன் நுனியில் ஒரு வெள்ளி மீன். அதே மீன்தான் மணிக்கூட்டிலும் தொங்கியது. முட்டையைக்கூட உள்ளே விடாத எங்கள் சைவ வீட்டில் மீனுக்கு என்ன வேலை என்று நான் கேட்டதுண்டு. மலாயாவில் மீன் அதிர்ஷ்டம் என்று அப்பா ஒரே போடாகப் போட்டுவிடுவார்.

அந்த நாட்களில்தான் தங்கைக்குச் சாவகச்சேரிப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை அவள் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்திலேயே வாத்தியார். வெளிநாடு போகும் எண்ணமில்லாத மாப்பிள்ளை அப்போது தேடியும் கிடையாது. அதைவிட, எத்தனையோ சம்பந்தங்களுக்கு வேண்டாம் என்று தலையாட்டிய தங்கை, இந்த முறை பேசாமல் இருந்தாள். எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று பெயர்.

மாப்பிள்ளையின் தகப்பன் வந்தார். கூடத்துப் படத்தைப் பார்த்தார். அப்பா உற்சாகமாக மணிக்கூட்டை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார். அவர் மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் கறுத்துப்போயிற்று.

"இது எங்கடை பாட்டாவின்ரை. எங்கடை வீட்டுப் படத்திலையும் உந்த மீன் கிடக்கு. மலாயாக் கப்பலிலை களவு போனது எண்டு எங்கடை ஐயா சொன்னவர்."

எங்கள் பகுதியில் பெண் வீட்டில் கை நனைக்காமல் போனால் அந்தச் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். அவர் தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பினார். தங்கை தேத்தண்ணியை எடுத்துப்போய்க் கிணற்றடியில் ஊற்றினாள். பிறகு இரண்டு நாள் யாரோடும் கதைக்கவில்லை. எனக்கு மனம் பொறுக்கவில்லை.

கூடத்துப் படத்தைக் கழற்றினேன். அடி மட்டையில் யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோ ஒன்றின் பெயர் இருந்தது. மலாயாவில் துரை கொடுத்த மணிக்கூடு யாழ்ப்பாணத்தில் எடுத்த படத்துக்குள் எப்படி வந்தது என்று யோசித்துக்கொண்டே சைக்கிளை மிதித்தேன். ஸ்ரூடியோ இருந்த இடத்தில் பாதிச் சுவர்தான் மிஞ்சியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர் முதலாளியின் மகள் குருநகரில் இருப்பதாகச் சொன்னார்.

அந்த அம்மா படத்தைப் பார்த்த உடனேயே உள்ளே போய் ஒரு பிஸ்கட் பெட்டியைக் கொண்டுவந்தார். வாங்க ஆள் வராத படங்களாம். நெட்டை, கட்டை, மெலிந்தவர், தொந்திக்காரர் என்று பலர். எல்லோருக்கும் ஒரே கோட்டு. எல்லோர் நெஞ்சிலும் அதே மீன்.

"எங்கடை அப்பாவின்ரை கோட்டுத்தான், தம்பி. கடல் தொழில் செய்யிற கரையார் வீட்டு ஆள் எண்டபடியா சங்கிலியிலை மீன் போட்டவர். மலாயாவுக்குப் போக முந்தி இங்கை வந்து படம் எடுப்பினம். பொம்பிளை வீட்டுக்குக் காட்ட வேணுமெல்லே."

பாட்டா ஸ்ரேசனைக் கண்ணால் காண முன்னரே ஸ்ரேசன் மாஸ்ரர் ஆகிவிட்டார்.

"கடைசியா வந்த ஆள் கோட்டைக் கழட்டித் தந்தவராம். மணிக்கூட்டைத் திருப்பித் தர மறந்துபோனாராம். அப்பா சாகுமட்டும் சொல்லிச் சிரிப்பார்" என்றவர், "அது இப்ப ஓடுதே?" என்று கேட்டார்.

"ஓடுது."

"எங்களிட்டை இருக்கேக்கை அது ஓடினதே இல்லை."

பாட்டா அதைத் திருத்தியாவது வைத்திருந்தார் என்று கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனாலும் வெட்கத்தில் காது சுட்டது. கலியாணக் கதையைச் சொல்லி, மணிக்கூட்டைக் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். "முதலிலை கலியாணம் நடக்கட்டும்" என்று ஒரு பிடி படங்களை என் கையில் வைத்தார்.

சாவகச்சேரியில் மாப்பிள்ளையின் தகப்பனுக்கு முன்னால் அந்தப் படங்களை வரிசையாகப் பரப்பினேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கிச் சுவரில் இருந்த தன் பாட்டாவைப் பார்த்தார். அந்தக் கோட்டு அவருக்கும் தோளில் தொளதொளவென்றுதான் இருந்தது.

"உந்தப் படங்களை வேறை ஆருக்கும் காட்டினீரோ?"

"இல்லை."

"காட்ட வேண்டாம், தம்பி. கலியாணத்துக்கு நாள் பாப்பம்."

இரண்டு குடும்பங்களின் கௌரவமும் அந்த நிமிடத்தில் ஒன்றுக்கொன்று பிணை நின்றன. இதைவிட உறுதியான சம்பந்தத்தை எந்தப் புரோக்கரும் செய்து வைத்திருக்க முடியாது.

வீட்டுக்கு வந்து, அவர்கள் ஓம் என்றுவிட்டார்கள், மணிக்கூட்டைப் பற்றி இனிக் கதைக்கமாட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். தங்கை குசினிக்குள் ஓடிப்போய் அழுதாள். அப்பா ஏன், எப்படி என்று ஒன்றும் கேட்கவில்லை. சுவரில் படம் இருந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் படக்காரரின்ரை மகள் இன்னும் குருநகரிலையே இருக்கிறா?"

ஸ்ரூடியோவைப் பற்றி நான் அவரிடம் மூச்சே விட்டிருக்கவில்லை.

"அப்பு சாகேக்கை என்னட்டைச் சொன்னவர், மணிக்கூட்டை அவையிட்டைக் கொண்டுபோய்க் குடுத்திடு எண்டு. அங்கை போக எனக்கு முகமில்லை, தம்பி. கலியாணம் முடிய நீ குடுத்திடு."