உடையாத காலுக்குக் கட்டு

அப்பா வந்திருந்தார். அம்மா. அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா. பிறகு நான், எட்டாவது படிக்கிறவள். அவ்வளவுதான். கீழ்க்கட்டளை தாண்டி இருக்கிற காட்டு ஓரம். ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில்.

சித்தப்பாவை அவர் கம்பெனியில் மலையேறக் கூட்டிப்போனார்கள். அதற்கு முன்னால் ஒரு வகுப்பு. ஆஸ்பத்திரி இல்லாத காட்டில் அடிபட்டால் என்ன செய்வது என்று. அதில் கொடுத்த சர்டிபிகேட்டை லேமினேஷன் போட்டு டிவி பக்கத்தில் சாய்த்து வைத்தார். அதிலிருந்து வீட்டில் யாரும் நிம்மதியாகத் தும்ம முடியவில்லை.

எங்களுக்கும் கற்றுத் தருகிறேன் என்று இழுத்து வந்தார். அப்பா சிமெண்ட் குடோனில் மூட்டை தூக்குகிறவர். ஞாயிறு ஒருநாள்தான் தூக்கம். வரமாட்டேன் என்றார். விடவில்லை. தண்ணீர் கேனும் அப்பா தோளில்தான் வந்தது.

"எடுத்தவொடனே ஓடக் கூடாது. நின்னு பாக்கணும். எத்தினி பேருக்கு அடின்னு எண்ணணும்."

நின்று பார்த்தார். என்னைப் படுக்கச் சொன்னார். எனக்குக் கால் உடைந்துவிட்டதாம். ஒரு விரலை நீட்டி எண்ணினார்.

குடையைக் காலோடு வைத்து அப்பாவின் துண்டால் கட்டினார். சரியில்லை என்று அவிழ்த்தார். மறுபடி கட்டினார். கழுத்து ஆடக் கூடாது என்று என் தலையை அம்மா கையில் கொடுத்தார்.

"எறும்பு கடிக்குது சித்தப்பா."

"கால் ஒடஞ்சவளுக்கு எறும்பா தெரியும்? சும்மா கெட."

அப்பா கொஞ்சம் தள்ளி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். நிழல்தான். ஆனால் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. இடது தோளை அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது. கோபம் என்று நினைத்தேன். எனக்கும் கோபம்தான்.

"வாயு புடிச்சா மாரி கீது. பாப்பா, அந்தத் தண்ணிய எடு."

எழப் போனேன். சித்தப்பா தோளைப் பிடித்து அழுத்தினார். "அண்ணா, அவளுக்குக் கால் ஒடஞ்சிகீது. எழுந்துக்கக் கூடாது."

"ஒடைய வேண்டியது உன் மண்டை, தம்பி," என்றாள் அம்மா. ஆனாலும் என் தலையை விடவில்லை. விட்டால் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

அப்பாவே எழுந்து வந்தார். கேன் மூடியைத் திருக வெகுநேரம் ஆயிற்று. குடித்துவிட்டு, முகம் துடைக்கத் துண்டைக் கேட்டார். துண்டு என் காலில் இருந்தது.

"ரெண்டு நிமிஷம்ண்ணா. கட்டு கலைஞ்சிடும்."

சட்டையிலேயே துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். சண்டை போடவில்லை. அப்பா சண்டை போடாமல் இருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதோடு விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை குடோனில் முதல் மூட்டைக்கே விழுந்துவிட்டார். அட்டாக் நேற்றே வந்திருக்கிறது, கூட யாரும் இல்லையா என்று டாக்டர் கேட்டார். அம்மா சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். சித்தப்பா வராண்டாவுக்குப் போய்விட்டார்.

அப்பா பிழைத்தார். மூட்டை தூக்கக் கூடாது என்றுவிட்டார்கள். என் படிப்பு எட்டாவதோடு நின்றது. சர்டிபிகேட் எப்போது காணாமல் போனது என்று தெரியாது. யாரும் தேடவில்லை.

சித்தப்பா சொல்லிக்கொடுத்ததில் தப்பு ஒன்றும் இல்லை. நின்று பார்க்கணும், எண்ணணும். பார்த்தோம். எல்லாரும் என் காலையே பார்த்தோம்.

அடிபட்டவர்கள் என்று அன்றைக்கு எண்ணியது: ஒன்று.