எந்த வாசல் வழியாகப் போனாள்?

என் முதல் நாவல் வெளிவந்தபோது எனக்கு நாற்பத்து மூன்று வயது. திருவனந்தபுரத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தேன். பகல் முழுவதும் மலையாளத்தில் கோப்பு எழுதுவேன். சாயங்காலம் பஸ் பிடித்துக் கரமனை வீட்டுக்கு வந்து, சமையலை முடித்துவிட்டுத் தமிழில் கதை எழுதுவேன். இரண்டையும் ஒரே பேனாவால்தான் எழுதினேன். இரண்டும் நன்றாகவே வந்தன என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

நாவல், நாஞ்சில்நாட்டிலிருந்து திருவனந்தபுரம் ஆரியசாலையில் ஒரு அரிசி மண்டி வீட்டுக்கு மருமகளாக வந்த பெண்ணைப் பற்றியது. கணவன் இறந்தபிறகு கொழுந்தன்மார் மண்டிச் சாவியைக் கேட்கிறார்கள். அவள் தரவில்லை. ஆறு வருடம் தானே நடத்துகிறாள். கடைசியில் ஒருநாள் காலையில் சின்னக் கொழுந்தனைக் கூப்பிட்டுச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு வெளியேறிவிடுகிறாள். என் அத்தையின் கதை அது. அப்பாவின் கூடப்பிறந்தவள். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

புத்தகம் வந்து மூன்று மாதம் ஒரு சத்தமும் இல்லை. சொந்தக்காரர்கள் அட்டை நன்றாக இருக்கிறது என்றார்கள். அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் இரண்டு பேர். ஒருவர் வாங்கிப் போய்த் திருப்பித் தரவே இல்லை. அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் சிங்கப்பூரில் இருந்த ஒருவர் பதிப்பாளரிடம் விலாசம் வாங்கிக் கடிதம் போட்டார். தமிழ் வாசிக்கிறவர்கள் பல நாடுகளிலிருந்து இணையத்தில் ஒரு குழுவாகக் கூடி, மின்னஞ்சலில் புத்தகங்களைப் பற்றிப் பேசுகிறார்களாம். இரண்டு வாரம் என் நாவலைப் பற்றி நானே அங்கே எழுதவேண்டும், உறுப்பினர்கள் கேள்வி கேட்பார்கள் என்றார். இணையம் என்றால் என்னவென்று மகனுடைய ஹாஸ்டல் கடிதங்களில் படித்திருந்தேனே தவிர, தொட்டதில்லை. ஆனாலும் அன்றைக்கே சம்மதம் எழுதிவிட்டேன்.

கரமனை பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு சேச்சி, பல வருடம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியவர், மெஷின்களை விற்றுவிட்டு நான்கு கம்ப்யூட்டர் போட்டிருந்தார். அலுவலகம் விட்டு வந்ததும் அங்கே போய் உட்காருவேன். முதல் நாள் தமிழ் எழுத்துகள் வரவேண்டிய இடமெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது.

“மேடம், நான் ஒண்ணும் தொட்டிட்டில்ல கேட்டோ. ஃபான்ட் இல்லாததுதான் காரியம்,” என்றார் சேச்சி.

சிங்கப்பூர்க்காரர் சொல்லித்தந்தபடி இருவருமாக ஃபான்ட்டை இறக்கினோம். சேச்சிக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் எந்த விசையை அழுத்தினால் என்ன வருகிறது என்று ஒரு காகிதத்தில் வரைந்து, இரண்டே நாளில் என்னைவிட வேகமாகக் கண்டுபிடித்துச் சொன்னார்.

என் முதல் மடலை மூன்று மாலைகளில் தட்டி முடித்தேன். நாவல் எப்படிப் பிறந்தது, அத்தை யார், முடிவு ஏன் அப்படி என்றெல்லாம் விளக்கினேன். ‘குடும்பம் உடையக்கூடாது என்று அவள் தோல்வியை ஏற்றுக்கொள்கிறாள். இது ஒரு தியாகத்தின் கதை’ என்று எழுதியது நன்றாக நினைவிருக்கிறது.

மறுநாள் போனால் முப்பதுக்கு மேல் பதில்கள். சேச்சி எனக்கு முன்பே எண்ணி வைத்திருந்தார். பாதிப் பேர் ‘வாழ்த்துகள், தொடர்ந்து எழுதுங்கள்’ என்றிருந்தார்கள். புத்தகத்தைப் படிக்காதவர்கள்தான் நீளமாக எழுதியிருந்தார்கள். மதுரைக்காரர் ஒருவர், ‘சொல்லி என்பதற்குப் பறைஞ்சு என்று எழுதுவதெல்லாம் தமிழா? மலையாளத்தைக் கலந்து மொழியைக் கெடுக்கிறீர்கள்’ என்று கேட்டிருந்தார். அவருக்கு அப்போதே பதில் தட்டினேன்: ‘ஆரியசாலையில் அரிசி விற்கிறவர்கள் இப்படித்தான் பேசுகிறார்கள். அவர்கள் வீட்டில் பேசுவது தமிழ்தான். அவர்களைத் திருத்தி எழுத எனக்கு உத்தேசமில்லை.’ அவர் அடங்கிவிட்டார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இத்தனை வருடம் யாரும் என்னோடு என் எழுத்தைப் பற்றிச் சண்டை போட்டதே இல்லை.

நான்காம் நாள் அந்த மடல் வந்தது. தமிழ்தான், ஆனால் முழுவதும் ஆங்கில எழுத்தில். பெயர் இல்லை, கையெழுத்திடும் இடத்தில் ‘ஒரு வாசகி’ என்று மட்டும். கூட்டிக் கூட்டிப் படிக்கவேண்டியிருந்தது. அதன் சாரம் இது: ‘நீங்கள் சொல்வது சரியில்லை. அவள் தோற்றுப்போகவில்லை. நாவல் முழுக்க அவள் வீட்டுப் பின்வாசல் வழியாகத்தான் மண்டிக்கு வருகிறாள், போகிறாள். கடைசிப் பக்கத்தில் மட்டும், சாக்கு இறக்குகிறவர்கள் ஒதுங்கி வழிவிட, மண்டி முன்வாசல் வழியாகத் தெருவுக்கு இறங்குகிறாள். தோற்றவள் ஏன் முன்வாசல் வழியாகப் போகவேண்டும்?’

எனக்குச் சுருக்கென்றது. என் புத்தகத்தில் எனக்குத் தெரியாத ஒன்றை எங்கோ இருக்கிற ஒருத்தி சொல்வதா? யோசிக்காமல் தட்டினேன்: ‘அந்தப் பெண்ணை நான் நேரில் அறிவேன். அவள் என் அத்தை. அவள் தோற்றுத்தான் போனாள். வாசலுக்கெல்லாம் அர்த்தம் தேடவேண்டாம். எழுதியவள் நான்.’

அதற்குப்பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. எனக்குப் பரிந்துகொண்டு ஒரு கூட்டம் கிளம்பியது. ‘ஆசிரியரே சொன்னபிறகு என்ன விவாதம்?’ என்றார் ஒருவர். ‘தமிழைத் தமிழில் எழுதத் தெரியாதவருக்கு இலக்கியம் எதற்கு?’ என்றார் இன்னொருவர். அதற்கு நான்கைந்து பேர் சிரிப்புக்குறி போட்டிருந்தார்கள். மதுரைக்காரர் என் மொழியைக் கேலி செய்தபோது எகிறிய நான், என் பக்கம் நின்றவர்கள் அவளுடைய மொழியைக் கேலி செய்ததைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். அவள் மறுபடி எழுதவில்லை. ஒருநாள், இரண்டு நாள், மூன்று நாள். குழுவில் வேறு ஏதேதோ பேசினார்கள். நான் அந்த ஆங்கில எழுத்துகளை மட்டும் தேடிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

“நீ எழுதினதுதானே? எந்த வாசல்னு உனக்கே தெரியாதா?” என்றார்.

“அத்தை பின்வாசல் வழியாத்தான் போனா. நான் கூட நின்னு பாத்தேன். அப்ப எனக்குப் பன்னண்டு வயசு.”

“அத்தை போனதை யாரு கேக்கா? புஸ்தகத்துல எப்படிப் போனான்னு பாரு. என்னத்துக்குக் கெடந்து தவிக்க?”

கை கழுவிவிட்டுப் புத்தகத்தை எடுத்தேன். கடைசிப் பக்கம். முன்வாசல் என்றுதான் இருந்தது. அச்சுப்பிழையாக இருக்கும் என்று பரண்மேல் இருந்த கையெழுத்துப் பிரதியை இறக்கச் சொன்னேன். நீளமான கோடு போட்ட நோட்டு. கடைசித் தாளில் ‘பின்வாசல்’ என்று எழுதி, ஒரே கோடாக அடித்து, மேலே ‘முன்வாசல்’ என்று எழுதியிருந்தது. என் கையெழுத்துதான். அதற்குப் பக்கத்திலேயே சாக்கு இறக்குகிறவர்கள் ஒதுங்கி வழிவிடும் வரியைப் புதிதாக நுழைத்திருந்தேன். எப்போது அடித்தேன், எதற்கு மாற்றினேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

வீட்டுக்காரர் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தார். “அந்தப் பிள்ளை சொன்னது சரிதான் போலிருக்கே,” என்றார்.

அத்தை இறந்து அப்போது பல வருடமாகியிருந்தது. அவள் பித்தளைத் தூக்கும் துணிப்பையுமாகத் தலைகுனிந்து இறங்கிப்போனது என் கண்ணில் அப்படியே நிற்கிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதி முடித்தபோது வேறொருத்தியை வேறு வழியாக அனுப்பியிருக்கிறேன். அத்தைக்குச் செய்யமுடியாததை அவளுக்குச் செய்துவிட்டு, அதை மறந்தும் போயிருக்கிறேன். வெட்கம் இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷம் இருந்தது. நான் நினைத்ததைவிட நல்ல நாவலை எழுதியிருக்கிறேன் என்று தெரிந்தால் யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது?

சாயங்காலமே சேச்சியின் கடைக்குப் போனேன். நான் தட்டுவதைப் பார்த்து, என்ன எழுதுகிறேன் என்று கேட்டார். மலையாளத்தில் விஷயத்தைச் சொன்னேன்.

“ஐயோ, தப்பு பற்றிப்போச்சுன்னு எழுதினா ஆளுங்க நிங்களுக்கு ஒரு விலையும் மதிப்பும் தரமாட்டாங்க,” என்றார் சேச்சி.

“தராட்டிப் போகட்டும் சேச்சி. அவ சொன்னதுதான் சரி.”

எழுதினேன்: ‘ஆங்கில எழுத்தில் எழுதிய வாசகிக்கு. கையெழுத்துப் பிரதியைப் பார்த்தேன். பின்வாசல் என்று எழுதி, அடித்து, முன்வாசல் என்று மாற்றியிருக்கிறேன். நான் அதை மறந்துவிட்டேன், நீங்கள் கண்டுபிடித்தீர்கள். தியாகம் என்று நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். நாவலில் ஒரு எழுத்தையும் மாற்றமாட்டேன். இன்னொன்று: இவர் எந்த எழுத்தில் எழுதுகிறார் என்று சிரித்தவர்கள், இவர் படித்த அளவு கவனமாகப் படித்துவிட்டு வந்து சிரிக்கவும்.’

குழு இரண்டு நாள் அல்லோலகலப்பட்டது. ஆசிரியர் இப்படிப் பின்வாங்கலாமா என்று தனியாக ஒரு விவாதம் ஓடியது. எனக்கு அதில் அக்கறை இல்லை. மூன்றாம் நாள் அவளிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு மடல் வந்தது. வளைகுடாவில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். ஊர் கேரள எல்லையில் பாறசாலைப் பக்கம். லீவில் வரும்போது பார்க்கலாமா என்று கேட்டிருந்தாள்.

ஐந்தாறு மாதம் கழித்து, ஒரு மழைநாள் மத்தியானம் அலுவலகத்துக்கு எதிரே இருந்த காபிக்கடைக்கு வந்தாள். முப்பது வயதிருக்கும். பழுப்புக் காகித அட்டை போட்ட என் நாவலைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு.

“அக்கா, நான் அன்னைக்கு அதிகமா ஏதும் பறஞ்சிட்டேனா?” என்றாள் உட்காரும் முன்பே.

“நான்தான் அதிகமாப் பேசினேன். உக்காரு.”

பள்ளிக்கூடத்தில் முழுக்க மலையாளம்தான் படித்தாளாம். தமிழ் எழுத்தைக் கற்றது சர்ச்சில், வேதம் வாசிப்பதற்காக. “வாசிக்க வரும் அக்கா. எழுதினா பிழை வரும். ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல தமிழ் தட்டவும் வழி கெடையாது. அதான் இங்கிலீஷ் எழுத்து.”

“வாசலை எப்படிக் கவனிச்சே?” என்று கேட்டேன். ஐந்தாறு மாதமாக அதைக் கேட்கத்தான் காத்திருந்தேன்.

அவள் சிரித்தாள். “நான் கவனிக்கல்ல அக்கா. ரூம்ல நாங்க மூணு பேரு. நான் சத்தமா வாசிப்பேன், மத்தவங்க கேப்பாங்க. ஒருத்தி கோட்டயத்துக்காரி, அவளுக்குத் தமிழ் பாதிதான் புரியும். புரியாததால ஒவ்வொண்ணையும் நிறுத்தி நிறுத்திக் கேப்பா. கடைசிப் பக்கம் வந்தப்ப, ‘நிக்கு நிக்கு, இவ எந்த வாசல் வழியா போனா?’ன்னு கேட்டா. முன்வாசல்னு சொன்னேன். ‘அப்ப இவ ஜெயிச்சா’ன்னு சொல்லி எழும்பிப் போய் சாயா போட்டா. மத்தவ, இல்ல, அவ பாவம், தோத்துட்டான்னா. ஒரு வாரம் ரூம்ல அதே சண்டை. அப்பதான் நீங்க குரூப்ல எழுதினீங்க.”

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தமிழ் பாதி புரிந்த ஒருத்தி என் நாவலை என்னைவிட முழுதாகக் கேட்டிருக்கிறாள்.

“அப்ப நீ எந்தக் கட்சி?”

“நான் முதல்ல தோத்த கட்சி. பெறவு மாறினேன்.” கொஞ்சம் தயங்கினாள். “ஒரு காரியம் சொன்னா கோபப்படமாட்டீங்களே? உங்க மூணாம் அத்தியாயம் ஒண்ணுக்கும் ஆகாது. ரூம்ல மூணு பேருமே உறங்கிட்டோம்.”

“அது நல்ல அத்தியாயம்,” என்றேன்.

“இல்ல அக்கா.”

இன்னொரு காபி வரவழைத்து, மூன்றாம் அத்தியாயத்துக்காக அரைமணி நேரம் வாதாடினேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. நானும் விட்டுக்கொடுக்கவில்லை. மழை விட்டதும் பாறசாலை பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனாள்.

இரண்டாம் பதிப்பு வந்தபோது, முடிவை விளக்கி ஒரு முன்னுரை எழுதித் தரும்படி பதிப்பாளர் கேட்டார். விவாதம் நடந்த புத்தகம், நன்றாக எடுபடும் என்றார். முடியாது என்று ஒரே வரியில் கார்டு போட்டேன்.

அடுத்த நாவல் வந்ததும் அதே குழு மறுபடி கூப்பிட்டது. அதற்குள் வீட்டிலேயே கம்ப்யூட்டர் வாங்கியிருந்தோம். இந்த முறை நான்கே வரிதான் எழுதினேன்: கதை வலியசாலையில் நடக்கிறது, எழுத நாலு வருடம் ஆயிற்று, படித்தவர்கள் சொல்லுங்கள், படிக்காதவர்கள் படித்துவிட்டுச் சொல்லுங்கள். பதில்கள் குவிந்தன. உளறல்களும் இருந்தன, நான் யோசிக்காத விஷயங்களும் இருந்தன. எல்லாவற்றையும் இரண்டு முறை படித்த பிறகே பதில் எழுதினேன். அதனால் சாதுவாகிவிட்டேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். அந்த இரண்டு வாரத்தில் மூன்று பேரோடு நன்றாகச் சண்டை போட்டேன். அதில் இரண்டில் நியாயம் என் பக்கம்தான்.